செத்தவீட்டுக்கு வருவதுபோல் வாருங்கள்

என் தம்பியைச் சிறையில் பார்க்கப் போன முதல் நாள், வாசலில் நின்ற வரிசையைக் கண்டு கொஞ்ச நேரம் திகைத்து நின்றேன். நான் வேலைக்குப் போகிற பஸ்ஸிலும் சரி, கவுன்சில் கந்தோரிலும் சரி, வெள்ளை முகங்களுக்கு நடுவே எங்களைப் போன்றவர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தெரிவோம். இங்கே அது தலைகீழாக இருந்தது. குழந்தை வண்டிலோடும் உடுப்புப் பையோடும் நின்ற பெண்களில் பெரும்பாலானோர் கறுப்பினத்தவர். மிச்சப் பேரில் பலர் எங்கள் நிறம். யாரோ லண்டனைச் சுளகில் போட்டுப் புடைத்து, நிறம் பார்த்து இந்தப் பக்கம் தள்ளிவிட்டதுபோல இருந்தது.

எண்பதுகளின் பின்பாதி அது. ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு மேல்மாடி வீட்டில் நான், என் கணவர், தம்பி மூவரும் இருந்தோம். நான் ஆஸ்பத்திரி லோண்டரியில் வேலை. கணவர் பெற்றோல் ஷெட்டில் கல்லாவில் இருந்தார். தம்பி இரண்டு தெரு தள்ளியிருந்த தமிழ்ப் பலசரக்குக் கடையில் நின்றான். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தவன்.

அந்தக் கடைக்கு வெள்ளைக்காரப் பெடியன்கள் மூன்று பேர் அடிக்கடி வருவார்கள். வாங்குவதற்கு அல்ல. மரக்கறிப் பெட்டிகளைக் கவிழ்ப்பார்கள், துப்புவார்கள், போவார்கள். பொலிசுக்குச் சொன்னால், பார்க்கிறோம் என்பார்கள். ஒரு பின்னேரம் அவர்களில் ஒருவன் கடைக்கார அண்ணையின் சட்டைக் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அடித்தான். அண்ணைக்கு அறுபது தாண்டிவிட்டது. தம்பி ஷட்டர் இழுக்கிற கம்பியை எடுத்து ஒன்று போட்டான். அந்தப் பெடியனின் கை முறிந்தது. பொலிஸ் அன்றைக்கு மட்டும் உடனே வந்தது.

இரண்டு பேரையும் கொண்டுபோனார்கள். கை முறிந்தவனை மாவுக்கட்டோடு தாய் வந்து அன்றைக்கே கூட்டிக்கொண்டு போனாள். என் தம்பியை மறுநாள் காலை நீதிமன்றத்தில் நிறுத்தி, பிணை இல்லை என்று சிறைக்கு அனுப்பினார்கள். அங்கே அவனுக்காகப் போனவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், ஒருவரும் இல்லை.

இதைச் சொன்னால் பிறத்தியாருக்கு விளங்காது. எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையே இல்லை. ஒரு மனிதன் தலைகுனிந்து நிற்கிற இடத்துக்கு நாங்கள் போகமாட்டோம். போய்ப் பார்த்தால் அவனுக்கு இன்னும் அவமானம். காணாததுபோல இருப்பதுதான் அவனுக்குச் செய்கிற மரியாதை. ஆனால் அவன் வீட்டுக்குப் போவோம். அன்று காலை முழுக்க எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். குட்மேய்ஸிலிருந்து ஒரு மாமி இடியப்பமும் சொதியும் கொண்டு வந்தா. கடைக்கார அண்ணை கழுத்தைத் திருப்ப ஏலாமல் வந்து, மூலையில் இருந்து அழுதார். படியில் செருப்பு வைக்க இடம் இல்லை. அந்த நேரத்தில்தான் நீதிமன்றத்தில், இவனுக்குச் சமூகத்தோடு போதிய தொடர்பு இல்லை, விட்டால் தலைமறைவாகிவிடுவான் என்று சொல்லியிருக்கிறார்கள்.

எங்களுக்கு அதைச் சொன்னது தம்பியின் வழக்கறிஞர். அரசாங்கச் செலவில் கிடைத்த இளம் வெள்ளைக்காரப் பெண். காலுறையில் எப்போதும் ஓட்டை இருக்கும், பேச்சில் இருக்காது.

“பார்வையாளர் பக்கம் ஒரு ஆள்கூட இல்லை. எதை வைத்து நான் அவருக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொல்வது?” என்று கேட்டார்.

எங்கள் ஆட்கள் எல்லோரும் என் குசினியில் இடியப்பம் பரிமாறிக்கொண்டு இருந்தார்கள் என்று சொன்னால் சிரிக்கமாட்டாரா?

சிறையில் கால் மணி நேரம்தான் கதைக்க விட்டார்கள். தம்பி பாதியாகிப் போயிருந்தான். கதிரையின் நுனியில் இருந்தான்.

“அக்கா, குற்றத்தை ஒத்துக்கொண்டா கெதியா விட்டிடுவினமாம். என்னோட இருக்கிறவன் சொன்னவன். நான் ஒத்துக்கொள்ளப்போறன்.”

“உனக்கென்ன விசரோ? அண்ணைய அடிச்சவனத்தானே நீ அடிச்சனி?”

“ஓம். அது எனக்குத் தெரியும். ஆனா பூட்டில திறப்புப் போடுற சத்தம் கேட்டா எனக்கு ஏலாது அக்கா. அங்க மாதிரித்தான் கேக்குது.”

அங்கே என்றால் எங்கள் ஊர் இராணுவ முகாம். அங்கிருந்து அவன் வெளியே வந்தபோது எப்படி இருந்தான் என்று நான் எழுதப்போவதில்லை.

வழக்கறிஞரிடம் ஓடினேன். அவர் ஒளித்து மறைத்துப் பேசவில்லை. ஒத்துக்கொண்டால் சிலவேளை கெதியாக வெளியே வரலாம். ஆனால் வன்முறைக் குற்றவாளி என்ற பதிவோடு வருவான். அகதி விண்ணப்பம் அதோடு சரி. திருப்பி அனுப்பக் கேட்பார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் வழக்கு வரும்வரை மாதக்கணக்கில் உள்ளே இருக்கவேண்டும். “பிணை கிடைத்தால் மட்டும்தான் இவர் தாங்குவார். இன்னொரு முறை கேட்கலாம். ஆனால் போன முறை இல்லாத ஏதாவது புதிதாகக் காட்டவேண்டும்,” என்றார். அடுத்த தவணைக்கு முன்னால் தம்பிக்குப் பிணை எடுக்காவிட்டால் அவன் தன் வாயாலேயே தன்னை ஊருக்கு அனுப்பிவிடுவான். இதுதான் நிலைமை.

அந்தச் சிறை வாசல் வரிசையில்தான் கண்டக்டர் அம்மாவைச் சந்தித்தேன். பெயர் எழுதவில்லை. ஜமைக்காவிலிருந்து இளம் வயதில் வந்து, லண்டன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். வரிசையில் யாராவது இடையில் நுழைந்தால் ஒரு பார்வை பார்ப்பார், நுழைந்தவர் தானாகப் பின்னுக்குப் போய்விடுவார். அவருடைய மகன் மின்சார வேலை பழகிக்கொண்டிருந்தவன். கருவிப் பையோடு வேலையால் நடந்து வந்தவனைப் பொலிஸ் மறித்து, பக்கத்துத் தெருவில் வீடு உடைத்தது நீதான் என்று பிடித்துக்கொண்டு போனதாம். அவனுக்கும் பிணை இல்லை.

“உன் தம்பிக்காக நீதிமன்றத்துக்கு யார் போனது?” என்று கேட்டார்.

“ஒருவரும் போகவில்லை.”

“உங்கள் ஆட்கள் தூரத்தில் இருக்கிறார்களா?”

“இல்லை. இரண்டு மூன்று தெருவுக்குள்தான்.”

“அவனோடு கோபமா?”

“இல்லை. அவன்மேல் மரியாதை. அதனால்தான் போகவில்லை.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடிந்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “மகளே, அந்த நீதிவான் மேசையில் இருப்பவர்களுக்கு உங்கள் மரியாதை தெரியாது. அவர்களுக்குத் தெரிவது பார்வையாளர் பக்கத்தில் ஆளில்லாத வாங்கு மட்டும்தான்,” என்றார். அடுத்த வியாழக்கிழமை தன்னோடு நீதிமன்றத்துக்கு வரச் சொன்னார்.

போனேன். அவருடைய தேவாலயத்துப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை உடுப்போடு, தொப்பியோடு, கையுறையோடு வந்து வாங்குகளை நிரப்பியிருந்தார்கள். தங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் அவர்கள் வரவில்லை. வியாழக்கிழமைகளில் யாருடைய வழக்கு என்றாலும் வந்து இருந்து பார்ப்பார்களாம். யாரை விடுகிறார்கள், யாரை உள்ளே அனுப்புகிறார்கள் என்று பார்ப்பது. பார்க்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியவைப்பது. நானும் இருந்து பார்த்தேன். வெள்ளைக்காரன் ஒருவன் மதுக்கடைக்குள் சண்டை பிடித்துப் போத்தலால் வெட்டியவன். வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அவனுக்குப் பின்னால் வந்த கறுப்புப் பெடியன் கடையில் ஜாக்கெட் களவெடுத்தவன். சிறை. வழக்கைக் கேட்கத் தேவையில்லை, கதவு திறந்து ஆள் வரும்போதே முடிவைச் சொல்லிவிடலாம்போல இருந்தது.

வீட்டுக்கு வந்து கதவு கதவாகத் தட்டினேன். அடுத்த தவணைக்கு எல்லோரும் வாருங்கள் என்று கேட்டேன். ஒருவரும் கடுமையாக மறுக்கவில்லை. அதுதான் எனக்கு விசரைக் கிளப்பியது. எல்லோருக்கும் என் தம்பியில் அவ்வளவு அன்பு.

“பிள்ளை, நான் போய் அவன அந்தக் கூட்டுக்குள்ள பாக்கிறதே? பிறகு அவன் எப்பிடி என்ர முகத்தப் பாப்பான்?” என்றார் கடைக்கார அண்ணை.

குட்மேய்ஸ் மாமி மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தா. “கோடு, கச்சேரி எண்டு போனா மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்ன நினைப்பினம்?” என்றா. விசா இல்லாத பெடியன்கள், பொலிஸ் நிற்கிற இடத்துக்குத் தாங்களாகப் போவதா என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம். அவர்களை நான் வற்புறுத்தவில்லை.

பெரிய தடையாக இருந்தவர் என் கணவர்தான். ஊரில் அரசாங்கக் கந்தோரில் கிளாக்காக இருந்தவர். அரசாங்கம் ஒன்று செய்தால் அதற்கொரு காரணம் இருக்கும் என்று நம்புகிற பிறவி. எந்த நாட்டு அரசாங்கம் என்றாலும் சரி.

“நீர் ஏன் ஊரக் கூட்டிறீர்? மானம் போறதப் பாக்கக் கூட்டம் வேற வேணுமோ?” என்றார். “அந்தக் கறுப்புச் சனத்தோட சேந்து போய் நிண்டா எங்களையும் அப்பிடித்தான் நினைப்பாங்கள்.”

“இப்ப என்னவாம் நினைக்கிறாங்கள்? உங்கட மச்சான் அந்தச் சனத்தின்ர பிள்ளையளோடதானே உள்ள இருக்கிறான்?”

அவர் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல ஆட்கள் சாப்பாட்டோடு வந்து இருந்தார்கள். ஒருவரும் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மழையைப் பற்றிப் பேசினார்கள். குளிரைப் பற்றிப் பேசினார்கள். மாமி இன்னும் ஒரு புட்டுப் பெட்டியை என் கையில் தந்தபோது அதை அவவிடமே திருப்பிக் கொடுத்தேன்.

“உங்கட புட்டு எனக்கு வேண்டாம்,” என்றேன். “கலியாணத்துக்கு எண்டாக் கூப்பிடவேணும். செத்தவீட்டுக்குக் கேள்விப்பட்டாலே போகவேணும். அதுதானே எங்கட வழக்கம்? சரி. என்ர தம்பி செத்துப்போனான் எண்டு வையுங்கோ. செத்தவீட்டுக்கு வாறமாதிரி வாங்கோ.”

“வாயக் கழுவு பிள்ளை,” என்றா மாமி.

“கழுவமாட்டன். அவன திருப்பி அனுப்பினா அதுதான் நடக்கும். அப்ப எல்லாரும் வந்து அழுவியள். அந்த வரவ இப்பவே வாங்கோ.”

என் கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஆட்களுக்கு எதை வேண்டுமானாலும் மறுக்கத் தெரியும், செத்தவீட்டை மட்டும் மறுக்கத் தெரியாது. பகையாளி வீடென்றாலும் போகவேண்டும். போகாவிட்டால் தலைமுறைக்கும் சொல்லிக்காட்டுவார்கள்.

தவணை நாள் காலை நீதிமன்ற வாசலில் நின்றேன். முதலில் கடைக்கார அண்ணை வந்தார். பிறகு மாமி, அவவின் வீட்டுக்காரர். பிறகு பஸ் பஸ்ஸாக வந்தார்கள். மோர்டனிலிருந்தெல்லாம் இரண்டு ரயில் மாறி வந்திருந்தார்கள், அவர்களுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. உள்ளே போய்க் கோட்டைக் கழற்றியபோதுதான் எனக்கு விளங்கியது. பெண்கள் எல்லோரும் வெள்ளைச் சீலை. ஆண்கள் வெள்ளைச் சட்டை. நான் பேச்சுக்குச் சொன்னதை அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று பிரிந்து இருந்தார்கள். மாமி கைக்குட்டையை ஆயத்தமாக மடித்து வைத்திருந்தா. நடுவில் கண்டக்டர் அம்மாவும் அவருடைய தொப்பிக்காரப் பெண்களும் இருந்தார்கள். அன்றைக்கு அவருடைய மகனின் பிணை விண்ணப்பமும் அதே அறையில்தான். கடைசி வாங்கின் ஓரத்தில் என் கணவர் வந்து இருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

நீதிமன்றச் சேவகர் என்னிடம் குனிந்து, யாராவது இறந்துவிட்டார்களா என்று மெதுவாகக் கேட்டார்.

“இன்னும் இல்லை,” என்றேன்.

தம்பியைக் கொண்டுவந்தார்கள். ஒத்துக்கொள்வது என்ற முடிவை அவன் இன்னும் மாற்றவில்லை, கீழே செல்லில் வைத்துக் கேட்டும் தலையாட்டவில்லை என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். கூண்டுக்குள் வந்தவன் தலையைக் குனிந்தபடி நின்றான். பிறகு ஏதோ தட்டுப்பட்டதுபோல நிமிர்ந்தான். வாங்கு முழுக்க வெள்ளை. கூண்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“அக்கா,” என்றான். “அம்மாவோ?”

அந்த ஒரு நிமிடத்தை நான் எதிர்பார்க்கவில்லை. ஊரிலே அம்மா தனியாக இருந்தா. கடிதம் வந்து கனகாலம். இந்த வெள்ளையைக் கண்டு அவன் வேறு எதை நினைப்பான்? வழக்கு, பிணை எல்லாம் எனக்கு மறந்துபோனது. எழும்பிவிட்டேன்.

“அம்மா சுகமா இருக்கிறா. இவையள் எல்லாரும் உனக்காக வந்தவை.”

சேவகர் என்னை இருக்கச் சொன்னார். தம்பி சின்னப்பிள்ளைபோல விம்மி அழுதான். “என்ன கேட்டீங்க தம்பி, மறுபடி சொல்லுங்க,” என்று மொழிபெயர்ப்பாளர் அவனிடம் கேட்டார். அவர் மதராஸ் பக்கத்து மனிதர். மூன்று நீதிவான்களில் நடுவில் இருந்தவர், மூக்குக்கண்ணாடி போட்ட அம்மா, என்ன நடக்கிறது என்றார். மொழிபெயர்ப்பாளர் எழுந்து, இவர்கள் சாவுக்குத்தான் வெள்ளை உடுத்துவார்கள் என்றும், தாய் இறந்துவிட்டதாக இவர் பயந்தார் என்றும், எல்லோரும் இவருக்காகவே வந்திருப்பதாகத் தமக்கை சொன்னார் என்றும் சொன்னார்.

அந்த அம்மா கண்ணாடிக்கு மேலால் எங்களை ஒரு பக்கமிருந்து மறுபக்கம்வரை பார்த்தார்.

“இவர்கள் எல்லோரும் உறவினரா?”

“இல்லை. அயலவர்கள்,” என்றார் வழக்கறிஞர். “போன முறை இவருக்குச் சமூகத்தோடு தொடர்பு இல்லை என்று சொல்லப்பட்டது. அந்தச் சமூகம் இன்று வந்திருக்கிறது.”

கடைக்கார அண்ணை பிணையாளியாகக் கையெழுத்து வைக்க முன்வந்தார். எங்கள் வீட்டில்தான் இருக்கவேண்டும், பொலிஸ் நிலையத்தில் போய்ச் சைன் பண்ணவேண்டும் என்ற நிபந்தனைகளோடு பிணை கொடுத்தார்கள். தம்பி குற்றத்தை ஒத்துக்கொள்ளவில்லை. “இவ்வளவு பேரும் வெள்ளை உடுத்திக்கொண்டு வந்து இருக்கேக்க நான் எப்பிடி அக்கா ஒத்துக்கொள்ளுறது?” என்று பிறகு கேட்டான். வெளியே இருந்ததால் அவனே கடைக்கு முன்னாலிருந்த பஸ் தரிப்பில் நாள் நாளாக நின்று, அடிபட்ட அன்று எல்லாவற்றையும் கண்ட ஒரு பஸ் டிரைவரைத் தேடிப் பிடித்தான். வழக்கைக் கைவிட்டார்கள். உள்ளே இருந்திருந்தால் யார் தேடியிருப்பார்கள்?

ஆனால் அன்றைக்கு எங்கள் ஆட்கள் உடனே எழும்பிப் போகவில்லை. செத்தவீட்டில் பாதியில் எழும்பக்கூடாது என்று நினைத்தார்களோ என்னவோ. அடுத்ததாகக் கண்டக்டர் அம்மாவின் மகன் வந்தான். அதே நீதிவான். அதே வாங்குகள், தொப்பிகளும் வெள்ளைச் சீலைகளுமாக நிரம்பியபடி. அவன் லண்டன் ஆஸ்பத்திரியில் பிறந்தவன், லண்டன் பள்ளிக்கூடத்தில் படித்தவன், பிறந்ததிலிருந்து ஒரே வீட்டில் இருப்பவன். பாதிரியார் வந்து அவனுக்காகப் பேசினார். வேலை பழக்குகிற முதலாளி வந்து பேசினார். பிணை இல்லை என்றார்கள்.

வெளியே படியில் நான் கண்டக்டர் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்பதுபோல, “இந்த நாட்டுக்கு நேற்று வந்தவனை விட்டார்கள். உங்கள் மகனுக்கு என்ன குறை?” என்று கேட்டேன்.

அவர் கையுறையைப் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: “உங்களை அவர்களுக்கு இன்னும் தெரியாது, மகளே. எங்களைத் தெரியும் என்று நினைக்கிறார்கள்.”

பக்கத்தில் என் கணவர் நின்றார். இங்கிலிஷ் அவருக்கு நன்றாக விளங்கும். அடுத்த வியாழக்கிழமை ஷிப்டை மாற்றிக்கொண்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் வாசலில் நின்றார். “வாருமன், நேரமாகுது,” என்றார்.

அதன் பிறகு வியாழக்கிழமைகள் எங்களுடையதும் ஆயின. பெரிய புரட்சி ஒன்றும் நடக்கவில்லை. கண்டக்டர் அம்மாவும் மற்றவர்களும் எழுதி, கேட்டு, கதவைத் தட்டித் தட்டி, கடைசியில் காலையில் செல்லுக்குள்ளேயே ஒரு அதிகாரி வந்து, இவனுக்கு வீடு எங்கே, யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து நீதிவானுக்குச் சொல்கிற ஏற்பாடு வந்தது. தொண்ணூறுகளில், நீதித்துறையில் இனப் பாகுபாடு நடக்காமல் பார்க்க அரசாங்கம் தகவல் வெளியிடவேண்டும் என்று சட்டமும் வந்தது. அந்தச் சிறை வாசல் வரிசையின் நிறம் அதனால் மாறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். சொன்னால் பொய்.

கண்டக்டர் அம்மாவின் மகனுடைய வழக்கு மேல் நீதிமன்றத்தில் வந்தபோது, அவன் உள்ளே போய் ஒரு மாரியும் ஒரு கோடையும் கழிந்து, அடுத்த மாரி தொடங்கிவிட்டது. வேலை போய்விட்டது. ஜூரிமார் வெளியே போய், தேத்தண்ணி குடிக்கிற நேரத்துக்குள் திரும்பி வந்து, குற்றவாளி இல்லை என்றார்கள்.

நீதிபதி தாள்களை ஒன்றாகச் சேர்த்துத் தட்டினார். “நீர் போகலாம்,” என்றார். அவ்வளவுதான். போன காலத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிழை என்றோ, வருந்துகிறோம் என்றோ, ஒன்றும் இல்லை. அந்தப் பெடியன் போகத் தெரியாமல் கூண்டுக்குள்ளேயே நின்றான்.

எல்லோரும் எழும்புங்கள் என்று சேவகர் சத்தமிட்டார். நீதிபதி வெளியேறும்போது எழுந்து நிற்பது அங்கே முறை. தொப்பிகள் எல்லாம் எழும்பின. நானும் எழும்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், என் கணவர் மட்டும் எழும்பாமல் வாங்கிலேயே இருக்கிறார்.

“ஏன் இருக்கிறீங்கள்? எழும்புங்கோ,” என்று தோளைத் தொட்டேன்.

“ஏலாது,” என்றார்.

சேவகர் எங்கள் பக்கம் வந்தார். கண்டக்டர் அம்மா என் கணவரின் கையைப் பிடித்து, எழும்பு, உனக்கு வீண் வில்லங்கம் வரும் என்று காதுக்குள் சொன்னார். ஆனால் என் கணவர் கண்ணை எடுக்காமல் அந்த நீதிபதியையே பார்த்துக்கொண்டு இருந்தார். நீதிபதியும் கதவடியில் நின்று ஒருமுறை அவரைப் பார்த்தார்.

நானும் அவர் பக்கத்தில் வாங்கில் திரும்ப இருந்துகொண்டேன்.